வறுமையா, கொள்கையா? பயங்கரவாதச் செய்தியை அலசிப் பார்ப்பது எப்படி

எங்கேயோ குண்டு வெடித்தது என்றோ, இங்கே சிங்கப்பூரிலேயே ஓர் இளையர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டார் என்றோ செய்தி வந்ததும் நம்மில் பாதிப் பேர் "படிப்பில்லை, வேலையில்லை, அதான் இப்படிப் போகிறார்கள்" என்கிறோம், மீதிப் பேர் "அதெல்லாம் சும்மா, மண்டையில் ஏற்றிவிட்ட கொள்கைதான் காரணம்" என்கிறோம். கோப்பிக்கடை மேசையில் இதுதான் நடக்கிறது, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதுதான், ஜேசி (தொடக்கக் கல்லூரி) பிள்ளைகளின் ஜிபி (பொதுத்தாள்) கட்டுரையிலும் பெரும்பாலும் இதே இரண்டு பத்திகள்தான். கொஞ்சம் பொறுமையாக யோசிக்க நினைப்பவர்களுக்கு, பிள்ளைகளோடு இதைப் பேச வேண்டியிருக்கும் பெற்றோருக்கு, நான் செய்து பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். இது ஆராய்ச்சியாளருக்கானது இல்லை. செய்தி படிப்பவருக்கானது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எது காரணம்?" என்று மொட்டையாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. "எதற்குக் காரணம்?" என்று கேட்டால்தான் வரும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

ஒரே சம்பவத்துக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த ஊரில், இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பேர் சேர்கிறார்கள் என்பது ஒன்று. ஒரே தெருவில் ஆயிரம் பேர் இருக்க, ஏன் இந்த ஆள் என்பது இன்னொன்று. சேர்ந்தவன் ஏன் குறிப்பாக இவர்களைக் கொல்லக் கிளம்பினான் என்பது மூன்றாவது. நாம் போடும் சண்டையில் ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரே இருப்பவர் மூன்றாவதுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், இருவரும் எதிராளிக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் படித்தவரை, முதல் கேள்வியில் வாழ்நிலைக்கு அதிகப் பங்கு இருக்கிறது. இரண்டாவதில் யாரோடு பழகினான், யார் கூட்டிப்போனது என்பதற்கு. மூன்றாவதுக்கு, அதாவது யாரைக் கொல்வது என்பதற்கு, கொள்கையைத் தவிர வேறு எதுவும் பதில் தருவதில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15ஆம் தேதி 51 பேரைச் சுட்டுக் கொன்றவனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா விட்டுச் சென்ற பணத்தில் நாடு நாடாகச் சுற்றியவன். அவனுடைய சிறு வயதுக் கஷ்டங்களை எவ்வளவு நீளமாகப் பட்டியல் போட்டாலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் நுழைவதில் அது போய் முடியாது. முஸ்லிம் குடியேறிகள் படையெடுத்து வருகிறார்கள் என்ற கொள்கை நடுவில் வந்தால்தான் முடியும்.

செய்யாதவர்களையும் எண்ணுங்கள்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அதே காரணம் வேறு யாருக்கெல்லாம் இருந்தது, அவர்களில் எத்தனை பேர் ஒன்றுமே செய்யவில்லை என்று பாருங்கள்.

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இங்கே பங்ளாதேஷ் கட்டுமான ஊழியர்கள் 27 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள், வாரா வாரம் கூடி, ஆயுதப் போராட்டம் பற்றிப் பேசி, அல்-காய்தா, ஐஎஸ் பிரசாரங்களைப் பரிமாறிக்கொண்ட ஒரு வட்டம் என்று உள்துறை அமைச்சு சொன்னது. 26 பேர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உடனே கேட்ட விளக்கம், குறைந்த சம்பளம், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், விடுதி நெரிசல். அந்தக் கஷ்டங்கள் உண்மை, அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே கடனோடு, அதே விடுதிகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்ளாதேஷ் ஊழியர்கள் அப்போது இங்கே இருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த நம் ஆட்களும் அதே கட்டடங்களில்தான் வேலை பார்த்தார்கள். அந்த வட்டத்திடம் மட்டும் இருந்தது அந்த வாராந்திரக் கூட்டம். அங்கே ஒருவன் இன்னொருவனைக் கூட்டி வந்தான். சம்பளச் சீட்டை வைத்து அவர்களைத் தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாது.

இதே சோதனையைக் கொள்கைப் பக்கமும் வையுங்கள், அங்கேயும் அது கடுமையாகத்தான் இருக்கும். அதே காணொளிகளை உலகம் முழுவதும் எத்தனையோ பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கொள்கை மட்டுமே போதும் என்றால் பார்த்தவர்கள் எல்லாரும் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் இந்தச் சோதனையை வைப்பவர் யோசிக்கவில்லை, தனக்குப் பிடித்த பதிலைக் காப்பாற்றுகிறார்.

சிங்கப்பூரின் பழைய உதாரணம் ஜெமா இஸ்லாமியா என்ற தென்கிழக்காசியப் பயங்கரவாத அமைப்பு. 2001 டிசம்பரில் தொடங்கிய கைதுகள், தாக்குதல் திட்டத்துக்காக யீஷூன் எம்ஆர்டி நிலையத்தைப் படம் பிடித்த காணொளி, இவை நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2003 ஜனவரியில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பிடிபட்ட 31 பேரை உளவியலாளர்கள் ஆராய்ந்ததைப் பற்றிச் சொல்கிறது. ஏழைகள் இல்லை, படிக்காதவர்கள் இல்லை. எல்லாரும் மதச்சார்பற்ற கல்வி பெற்றவர்கள், மரியாதையான வேலையில் இருந்தவர்கள். அவர்களிடம் அதிகமாகத் தென்பட்டது குற்ற உணர்வும், தனிமையும், சொன்னதைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் குணமும். ஆலன் க்ருகர், ஜிட்கா மலெச்கோவா என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறது. இறந்துபோன 129 ஹிஸ்புல்லா போராளிகளை அவர்கள் எடுத்துப் பார்த்தபோது, லெபனானின் அதே வயதினரைவிட அவர்களிடையே ஏழ்மை குறைவாகவும் படிப்பு கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது.

சரி, அப்படியானால் வறுமை விஷயமே இல்லை என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஈத்தன் புவேனோ டி மெஸ்கிட்டா என்ற அரசியல் ஆய்வாளர் இதற்கு நல்ல ஒரு மறுப்பை வைத்தார். ஓர் அமைப்பின் வாசலில் பல பேர் வந்து நிற்கலாம், அமைப்பு அவர்களில் விவரமானவரைத்தான் பெரிய காரியத்துக்குத் தேர்ந்தெடுக்கும். நாம் பிணத்தையோ கைதியையோ பார்க்கும்போது ஏற்கெனவே வடிகட்டப்பட்டவரைப் பார்க்கிறோம். தாக்கியவர் பட்டதாரி என்பதால், வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பட்டதாரிகள் என்று ஆகிவிடாது.

ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்படுவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 2016இல் உலக வங்கி, கசிந்த ஐஎஸ் ஆவணங்களில் இருந்த 3,803 வெளிநாட்டவரின் விவரங்களை வைத்து, வேலையின்மை அதிகமான நாடுகளிலிருந்து அதிகம் பேர் போனதாகச் சொன்னது. அதே ஆண்டு எஃப்ரைம் பென்மெலெக், எஸ்டபன் கிளோர் என்ற ஆய்வாளர்கள், வறுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை, வசதியான நாடுகளிலிருந்துதான் மக்கள்தொகைக்கு ஏற்ற கணக்கில் அதிகம் போனார்கள் என்றார்கள். இரு தரப்பும் ஒப்பிட்டது நாடுகளைத்தான். நாட்டுக் கணக்கைத் தூக்கி ஒரு தனிமனிதன் தலையில் வைக்காதீர்கள், ஜிபி கட்டுரையில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

எந்தப் படியில் நிற்பவர் என்று பாருங்கள்

ஓர் இயக்கத்தில் பேசுபவர், பணம் தருபவர், குண்டு கட்டுபவர், சாகப் போகிறவர் எல்லாரும் ஒரே மாதிரி வருவதில்லை. தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது என்பதால் 2019 ஏப்ரல் 21ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு அன்று மூன்று தேவாலயங்கள், கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்கள், 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அதை நடத்திய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரர், எளிய குடும்பம், பிரசங்கம் செய்ததெல்லாம் தமிழில். அவரோடு சேர்ந்து குண்டை வெடிக்கச் செய்தவர்களில் இருவர் கொழும்பின் பெரிய மசாலா ஏற்றுமதியாளரின் மகன்கள். இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். ஒரே கும்பலில் ஏழையும் கோடீஸ்வரனும். வறுமைதான் காரணம் என்பவர் அந்தச் சகோதரர்களை எங்கே வைப்பார்?

ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எழுந்துவிட்டால் மற்றதைத் தவறவிடுவோம். 2014இல் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் கண்டி திகனவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. செய்தது சிங்கள பௌத்தத் தீவிரக் கும்பல்கள். பாதுகாப்பில்லை, அரசாங்கம் காப்பாற்றாது என்ற எண்ணம் அப்போது பரவியது, கொதிக்கிற இளையர்கள் கேட்கத் தயாராக இருந்தார்கள். இது முதல் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி. இப்போது மூன்றாவது கேள்விக்கு வாருங்கள். கடைகளை எரித்தவர்கள் பௌத்தக் கும்பல்கள் என்றால், குண்டு ஏன் கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலில் வெடித்தது? மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பள்ளி முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் யாருடைய கடையை எரித்தார்கள்? காயத்துக்கும் குறிக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது உலகத்தையே இறைநம்பிக்கையாளர், எதிரி என்று இரண்டாகப் பிளந்த ஐஎஸ் கொள்கை. எனக்கு இந்த விவாதத்தில் கொள்கையின் பங்கைக் காட்டும் மிக அழுத்தமான சான்று இதுதான், ஆய்வுக்கட்டுரை எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. ஸஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் புகார் செய்தவர்களில் முஸ்லிம்களே இருந்தார்கள். அதே காத்தான்குடி, அதே மார்க்கம், அதே அச்சம், ஆனால் அவர்கள் போன வழி வேறு. செய்யாதவர்களை எண்ணச் சொன்னேனே, இவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

2016 ஜூலையில் பங்ளாதேஷின் டாக்கா உணவகத் தாக்குதலிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் கிராமத்து ஏழைகளும் சேர்ந்தே வந்தார்கள். ஜெமா இஸ்லாமியாவின் குண்டு நிபுணர் அஸஹாரி ஹுசின் ஜோகூரில் பல்கலைக்கழக விரிவுரையாளர், பிரிட்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். பாலியில் 202 பேர் இறந்த தாக்குதலில் வண்டி வாங்கித் தந்த அம்ரோஸி கிராமத்து மெக்கானிக். படிகள் வேறு, ஆட்கள் வேறு, அவர்களை இழுத்த கயிறும் வேறாக இருக்கலாம்.

பணப்பையை மட்டும் பார்க்காதீர்கள்

வாழ்நிலை என்றதும் நாம் வங்கிக் கணக்கை மட்டும் நினைக்கிறோம். அதனால்தான் "அவன் வசதியானவன், ஆகவே வாழ்நிலை காரணமில்லை" என்று சுலபமாகச் சொல்ல முடிகிறது. டியேகோ கம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டாக் என்ற ஆய்வாளர்கள் இஸ்லாமியத் தீவிர அமைப்புகளில் பொறியாளர்கள் வியக்கத்தக்க அளவுக்கு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். எகிப்து போன்ற நாடுகளில் 1970களுக்குப் பிறகு பொறியியல் படித்தவர்கள் பெரிய எதிர்பார்ப்போடு வெளியே வந்தார்கள், நாட்டில் அதற்கேற்ற வேலை இல்லை. படித்த சவுதி இளையருக்கு வேலை கிடைத்ததால் அங்கே அந்தப் போக்கு அவ்வளவாக இல்லை என்பது அவர்கள் வாதத்தின் முக்கியமான பகுதி. பட்டினி கிடந்தவர் இல்லை இவர். நான் இதற்கு மேல் தகுதியானவன் என்று குமைந்தவர். அதுவும் வாழ்நிலைதான், ஆனால் வருமான விகிதத்தில் தெரியாது. அவர்களே இன்னொன்றையும் சொல்கிறார்கள்: இடதுசாரி ஆயுதக் குழுக்களில் பொறியாளர்கள் அரிது, வலதுசாரிக் குழுக்களில் உண்டு. அப்படியென்றால் ஒரு வகை மனப்போக்கும் ஒரு வகைக் கொள்கையும் ஒன்றையொன்று தேடிப் போகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

போலிஸும் அரசாங்கமும் நடந்துகொள்ளும் விதமும் வாழ்நிலைதான். ஐநா மேம்பாட்டுத் திட்டம் ஆப்பிரிக்காவில் தீவிரவாதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்த 495 பேரிடம் பேசி 2017இல் வெளியிட்ட அறிக்கையில், 71 விழுக்காட்டினர் கடைசியாகத் தங்களைத் தள்ளியது அரசாங்கத்தின் ஒரு செயல் என்றார்கள். குடும்பத்தில் ஒருவரைக் கொன்றது, நண்பரைப் பிடித்துப்போனது, இப்படி. 2023இல் வந்த அடுத்த அறிக்கையில், தாமாகச் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினர் வேலை வாய்ப்பை முதல் காரணமாகச் சொன்னார்கள், மதத்தைச் சொன்னவர்கள் 17 விழுக்காடு. ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி யோசிக்கும்போது இதை மறக்கவே கூடாது. அங்கே ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்ததை வெறும் பிரசங்கத்தால் விளக்க முயல்பவர் மக்களின் வாழ்க்கையைப் பார்க்கவே இல்லை.

நம் பக்கத்தில் கோயம்புத்தூர். 1998 பிப்ரவரி 14ஆம் தேதி தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நவம்பர் இறுதியில் ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்ததும், அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டதும் பலருக்கு நினைவில் இல்லை. முன்னதைச் சொன்னால் பின்னதை நியாயப்படுத்துகிறோம் என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயப்படுத்துவது வேறு, வரிசையாகச் சொல்வது வேறு. குண்டுவெடிப்பை நடத்திய அல்-உம்மா அமைப்பு அதற்கு முன்பே, 1993இலிருந்தே இருந்தது, கொள்கையும் தயாராக இருந்தது. அந்த நவம்பருக்குப் பிறகு அதற்குக் கிடைத்த ஆதரவும் கோபமும் வேறு அளவில் இருந்தன.

கொள்கையை லேசாக எடுக்காதீர்கள்

வாழ்நிலைப் பக்கம் சாய்ந்தவர்கள், பெரும்பாலும் நல்லெண்ணத்தால், கொள்கையை ஒரு சாக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்ட 16 வயது மாணவரை அவர்கள் மறுபடி படிக்க வேண்டும். இந்திய வம்சாவளி, புராட்டஸ்டன்ட் கிறிஸ்துவர். கிறைஸ்ட்சர்ச் தாக்குதலின் நேரலையைப் பார்த்து, அதே மார்ச் 15ஆம் தேதியில், 2021இல், செம்பவாங்கின் அஸ்ஸியாஃபா பள்ளிவாசலையும் உட்லண்ட்ஸின் யூசோஃப் இஷாக் பள்ளிவாசலையும் தாக்கத் திட்டமிட்டிருந்தார். வீடு, பள்ளி, சாப்பாடு, எல்லாம் இருந்த பிள்ளை. முஸ்லிம்களால் அவருக்கு நேர்ந்த இழப்பு என்று எதுவும் சொல்லப்படவில்லை. யாரோ ஒருவன் வேறு நாட்டில், வேறு இனத்துக்காக எழுதியது, இங்கே நம் வீட்டுப் பிள்ளை போன்ற ஒருவரின் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அந்த மதமே அப்படி" என்று யாராவது தொடங்கினால் இந்தச் சம்பவத்தை அமைதியாக எடுத்து வையுங்கள். மதத்தின் பெயரை மாற்றிப் பார்த்தாலும் விளக்கம் நிற்கிறதா என்பது நல்ல சோதனை. 1995இல் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயு வைத்த ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக் குழுவில் இதய அறுவை நிபுணர் இருந்தார், வேதியியலாளர் இருந்தார். தற்கொலைத் தாக்குதல் ஒரு மதத்தின் தனிச்சொத்து என்பவருக்கு, மதத்தை முன்வைக்காத விடுதலைப் புலிகள் 1987இலேயே நெல்லியடியில் அதைச் செய்ததை நம்மவர்கள் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு வேறுபாடும் உதவும். கொள்கை ஆழமாக இறங்கியிருப்பதும் மார்க்க அறிவும் ஒன்றல்ல. அந்த 2017 ஆப்பிரிக்க அறிக்கையில் 57 விழுக்காட்டினர் தங்கள் மத நூல்களைப் பற்றித் தமக்குக் கொஞ்சமே தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது என்று ஒத்துக்கொண்டார்கள். பிரான்சில் இதை வைத்து இரண்டு ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஒலிவியே ருவா, ஏற்கெனவே கலகம் செய்யத் துடிக்கும் இளையர்கள் கையில் கிடைத்த இஸ்லாத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். ஜில் கெப்பெல், இல்லை, மதத்துக்குள்ளேயே ஒரு கடும்போக்கு நெடுங்காலமாகப் பரவி வந்திருக்கிறது, அதைப் பார்க்க மறுக்காதீர்கள் என்கிறார். சிங்கப்பூரில் பிடிபட்ட பதின்ம வயதினரைப் பார்க்கும்போது எனக்கு ருவா சொல்வது பொருந்துகிறது. ஜெமா இஸ்லாமியாவைப் பார்க்கும்போது, ஆண்டுக்கணக்கில் வகுப்பு நடத்தி, உறுதிமொழி வாங்கி வளர்த்த அமைப்பு என்பதால், கெப்பெல் பக்கம் சாய்கிறேன். இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்துச்சீட்டு எழுதக் கூடாது.

சொல்பவர் யார் என்று கேளுங்கள்

அரசாங்கங்களுக்குக் கொள்கை விளக்கம் வசதியானது, தங்கள் நடத்தையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அமைப்புகளுக்கு அநீதி விளக்கம் வசதியானது, தாங்கள் கொன்றவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பிடிபட்டவர் பிறகு சொல்லும் கதையும், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

சிங்கப்பூரில் இதைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையில்லாமல் தடுத்து வைக்கலாம், ஆகவே நாம் படிப்பதில் பெரும்பகுதி அமைச்சின் அறிக்கை. குறுக்கு விசாரணை இல்லை, மறுதரப்பு இல்லை. அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை, தடுத்த தாக்குதல்களில் காப்பாற்றப்பட்டது நம் உயிர்தான். ஆனால் "காரணம் இன்னது" என்ற வரியை, "இன்னார் இன்ன கத்தி வாங்க நினைத்தார்" என்ற வரிக்குச் சமமாக நம்பாதீர்கள். முன்னது ஒரு மதிப்பீடு. 2013இல் வெளிநாட்டு ஊழியர்கள் ஈடுபட்ட தேக்கா (லிட்டில் இந்தியா) கலவரம் பயங்கரவாதம் அல்ல, வேறு வகைச் சம்பவம், ஆனாலும் அங்கேயும் இதே கேள்வி வந்தது: வேலைச்சூழல் மீதான அதிருப்தி முக்கியக் காரணமல்ல என்றது விசாரணைக் குழு, ஊழியர்களுக்காக உழைக்கும் சிலர் அதை ஏற்கவில்லை. இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய்வதுதான் முறை.

அலசியதை வீட்டில் பயன்படுத்துங்கள்

சிங்கப்பூர் வாயால் எதைச் சொன்னாலும், செயலில் இரண்டையும் ஒத்துக்கொண்டிருக்கிறது. 2003இல் உஸ்தாஸ்கள் (இஸ்லாமிய சமய ஆசிரியர்கள்) தொண்டூழியமாகத் தொடங்கிய சமய மறுவாழ்வுக் குழு, தடுத்து வைக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து கொள்கையைப் பேசி உடைக்கிறது. அதே நேரத்தில் மலாய்-முஸ்லிம் சமூகத்தின் சுய உதவிக் குழுவான மெண்டாக்கி போன்ற அமைப்புகள் அவர்களுடைய குடும்பங்களுக்குப் பண உதவி, பிள்ளைகளின் படிப்பு என்று பார்த்துக்கொண்டன, ஏனென்றால் சம்பாதிப்பவர் உள்ளே போனபின் அந்த வீட்டில் கசப்பு வளர்ந்தால் அடுத்தவர் அங்கிருந்து வருவார். அந்த 16 வயது மாணவருக்குக் கிறிஸ்துவ ஆலோசகர் வந்தார், படிப்பும் தொடர்ந்தது, 2024 ஜனவரியில் வெளியே வந்துவிட்டார். ஒற்றைக் காரணத்தை நம்பும் நாடு இவ்வளவு செய்யாது.

உங்கள் பிள்ளை வீட்டில் திடீரென்று ஒரு கூட்டத்தைப் பற்றி "அவர்கள் எல்லாம் ஒழிய வேண்டும்" என்கிற மாதிரி பேசினால், முதல் வேலை கத்தாமல் இருப்பது. கொள்கையை எதிர்த்து வாதாடுவதற்கு முன்னால் மற்ற இரண்டையும் விசாரியுங்கள். யாரோடு பேசுகிறான், எந்தச் செயலியில், பழைய நண்பர்கள் என்ன ஆனார்கள், பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, தேசிய சேவையில் ஏதாவது நடந்ததா. அப்புறம், அவன் சொல்வதை அவன் வாயாலேயே முழுதாகச் சொல்ல விடுங்கள், பாதியில் வெட்டினால் மீதியை இணையத்தில் முகம் தெரியாத ஒருவனிடம் சொல்வான். தாக்கியவனைப் புகழ்வது, தேதிகளை, ஆயுதங்களை, இடங்களைப் பற்றிப் பேசுவது என்று போனால் தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். 2024இல் பிடிபட்ட 17 வயது இளையர் தெம்பனிஸ் வட்டாரத்தில் கத்தரிக்கோலால் குத்தத் திட்டமிட்டிருந்தார். பணமோ அமைப்போ வெடிமருந்தோ வேண்டாம், சமையலறை இழுப்பறை போதும் என்ற நிலைக்கு வந்துவிட்ட பிறகு காத்திருந்து பார்க்க நேரமில்லை.

போலிஸுக்குப் போனால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று பயப்படுவது இயல்பு. ஆனால் சீக்கிரம் சொல்லப்பட்டவர்களில் பலர் தடுப்புக் காவல் வரை போவதில்லை, ஆலோசனையோடோ கட்டுப்பாட்டு ஆணையோடோ நிற்கிறது. சமய மறுவாழ்வுக் குழுவின் எண் 1800-774-7747. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பயங்கரவாத எதிர்ப்பு நிலையத்தின் எண் 1800-2626-473.

குடும்பக் குழுவில் அடுத்த முறை யாராவது முஸ்லிம்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டி ஒரு செய்தியை அனுப்பினால், நீளமான பாடம் எடுக்காமல் இரண்டே கேள்வி போடுங்கள்: "இதே கஷ்டம் இருந்தும் செய்யாதவர்கள் எத்தனை பேர்? இதே மதத்தில் இருந்தும் செய்யாதவர்கள் எத்தனை பேர்?" சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஜாமியா சூலியா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் அந்தக் குழுவிலேயே இருக்கலாம், அவர் பதில் எழுதாமல் இருப்பார். அவருக்காக நீங்கள் முதலில் எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள், குழு வேறு பேச்சுக்குப் போய்விடும் முன்.